கோமுகியில் வாழும் சாம்பசி மீன்: ஜிலேபியும் கல்வராயன் மலை நீர்நிலைகளும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் மீன் பற்றிப் பேச்செடுத்தால் ஆசை விரால்மீது இருக்கும். அன்றாடக் குழம்புக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஜிலேபியாக இருக்கும். அணை, ஏரி, கைவிட்ட கிணறு, கல்குவாரிக் குட்டை என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் பிழைத்துக்கொள்ளும் மீன் இது. சிறு வயதில் இதைத் தூண்டிலில் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது நம்மூர் மீன்தான். ஆனால் இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. சாம்பசி, லிம்போபோ ஆகிய ஆறுகளின் கீழ்ப்பகுதிகளிலும் அவற்றையொட்டிய கழிமுகங்களிலும் வாழ்ந்த இந்த மீன் இந்தியாவுக்குள் வந்தது 1952இல்.

இந்த மீனைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழக்கில் உள்ளன. இது ஏழையின் புரதம் என்பது ஒன்று. நாட்டு மீன்களை ஒழித்த வந்தேறி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே மீனை மட்டும் பார்க்கின்றன, அது நீந்தும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஓடிய ஆறுகளை நாம் மறித்து, மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் தேக்கங்களாக மாற்றியதால்தான் ஜிலேபிக்கு இங்கே இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது. அந்த மாற்றம் முழுமையாக எட்டாத கல்வராயன் மலை ஓடைகளைக் காப்பாற்ற இன்னும் வழியிருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்விரண்டையும்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால்

ஜிலேபியைச் சுத்தம் செய்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் முதுகு முள். துடுப்பின் முன்பாதி முழுவதும் ஊசியாக நிமிர்ந்து நிற்கும். கவனமில்லாமல் பிடித்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். முகத்தைப் பார்த்தால், கெண்டைக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூக்குத் துளைகள் இருக்கும் இடத்தில் இதற்கு ஒன்றுதான். மீன்களுக்கு நீரின் அசைவை உணர்த்தும் பக்கக்கோடு கெண்டையின் உடலில் செவுளிலிருந்து வால் வரை ஒரே கோடாகப் போகும். ஜிலேபியில் அது பாதியில் அறுந்து, சில செதில் வரிசைகள் கீழே இறங்கி மறுபடி தொடங்கும். இவை இரண்டும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் அடையாளங்கள்.

மூன்றாவது அடையாளம் வெளியே தெரியாது. செவுளை எடுத்துவிட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டால் சொரசொரப்பாக ஓர் எலும்பு தட்டுப்படும். அது இரண்டாவது தாடை. வாயிலுள்ள தாடை இரையைப் பிடிப்பதோடு சரி. அரைப்பது தொண்டைத் தாடையின் வேலை. இரண்டு தாடைகளுக்கும் வேலை பிரிந்துவிட்டதால், இக்குடும்பத்து மீன்கள் ஒவ்வொரு விதமான இரைக்கும் ஏற்பத் தங்கள் வாயை மாற்றிக்கொள்ள முடிந்தது என்பது உயிரியலாளர்களின் விளக்கம். விக்டோரியா, மலாவி, டாங்கனிக்கா ஏரிகளில் சிக்லிட்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜிலேபி எந்த இரைக்கும் தன்னைக் குறுக்கிக்கொள்ளவில்லை. பாசி, அழுகிய இலை, அடிச்சேற்றில் படியும் கழிவு, மிதவை உயிரிகள், புழு பூச்சி, அகப்பட்டால் பிற மீன்களின் முட்டையும் குஞ்சும் என்று எதையும் தின்னும். ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரிலும் பிழைக்கும், கடல்நீரைவிட உப்புக் கூடிய நீரிலும் பிழைக்கும். அது தாங்காதது குளிர்தான். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இனப்பெருக்கம் நின்றுபோகும். 10 டிகிரியை ஒட்டிப் போனால் செத்துவிடும். தமிழகச் சமவெளியில் அந்தத் தடையும் இல்லை.

வாயில் வளரும் குஞ்சுகள்

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் உடல் கறுத்துவிடும். தலையின் அடிப்பகுதி வெளுத்து, துடுப்புகளின் ஓரம் சிவந்திருக்கும். ஆழம் குறைந்த கரையோரத்தில் அது வாயால் மண்ணைக் கவ்வித் துப்பி வட்டமான குழி பறிக்கும். பல ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் பறிப்பதுண்டு. ஏரி வற்றியபின் தரையில் தட்டுத் தட்டாகத் தெரியும் பள்ளங்கள் இவைதான்.

பெண் மீன் குழிக்கு வந்து முட்டையிட்டதும் அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு விலகிவிடும். மீனின் பருமனைப் பொறுத்துச் சில நூறு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் அவை வாய்க்குள்ளேயே பொரியும். அதன் பிறகும் ஒன்றரை, இரண்டு வாரம் தாயின் வாய்தான் வீடு. வெளியே விடப்பட்ட குஞ்சுகளும் ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் புகுந்துகொள்ளும். இந்த நாட்களில் தாய் ஏறக்குறையப் பட்டினி கிடக்கிறது. வலையில் அகப்பட்ட பெண் ஜிலேபி வாயைத் திறக்கும்போது கொசுப்புழு போன்ற குஞ்சுகள் கொத்தாக விழுவதை மீன் பிடிப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதன் பயன் பெரிது. பாறையிலோ செடியிலோ முட்டை ஒட்டும் மீனுக்கு, நீர்மட்டம் ஓரடி இறங்கினால் அந்த ஈடு முழுவதும் வீண். ஜிலேபி தன் குஞ்சுகளோடு ஆழத்துக்கு நகர்ந்துவிடும். நெருக்கடியான குட்டையில் மாட்டிக்கொண்டால் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டு, விரல் நீளத்திலேயே, பிறந்த இரண்டு மூன்று மாதங்களில் முட்டையிடத் தொடங்கும். ஓராண்டில் பலமுறை ஈனும். வற்றும் நீர்நிலையில் வாழ இதைவிடப் பொருத்தமான வழிமுறை நம் ஏரி மீன்கள் எதற்கும் இல்லை. விராலும் கெளுத்தியும் காற்றைக் குடித்தோ சேற்றில் ஒடுங்கியோ கோடையைத் தாண்டுகின்றன. ஆனால் அவை பெருகுவதற்கு மழை வர வேண்டும்.

ஜாவா வழியாக வந்த மீன்

இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ். 1840களில் மொசாம்பிக்கில் பயணம் செய்து உயிரினங்களைச் சேகரித்த அவர் 1852இல் இதை விவரித்து எழுதினார். ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் என்பது இதன் இன்றைய அறிவியல் பெயர்; பொதுப்பெயர் மொசாம்பிக் திலாப்பியா.

ஆசியாவில் இது முதலில் தென்பட்டது 1939இல், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில். தென்கடற்கரை ஆற்று முகத்துவாரம் ஒன்றில் முஜாயிர் என்ற கிராமத்தவர் சில மீன்களைக் கண்டெடுத்து நன்னீரில் வாழப் பழக்கினார். கிடைத்தவை ஐந்தே மீன்கள் என்று பதிவாகியிருக்கிறது. இந்தோனேசியர்கள் இன்றும் இம்மீனை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அது அங்கே எப்படி வந்தது என்பது இன்றுவரை துலங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதைத் தங்கள் வசமிருந்த பகுதிகளுக்குக் கொண்டுசென்றார்கள். போர் முடிந்தபின் உணவுப் பற்றாக்குறையில் தவித்த ஆசிய நாடுகளுக்கு, தீவனமும் பராமரிப்பும் அதிகம் கேட்காத இந்த மீன் வரமாகத் தெரிந்தது.

1952இல் இலங்கையிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் இது இந்தியாவுக்கு வந்தது. இலங்கை வழியாக வந்தது இறங்கிய இடம் நம் மண்டபம். குளங்களில் விட்டதும் குஞ்சுகளின் பெருக்கத்தில் எல்லா மீனும் குட்டையாகிப் போவதும், கூட வளரும் கெண்டைகளின் வளர்ச்சி குன்றுவதும் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன. 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை விதித்தது. ஆனால் தடைத்தாள் அணைக்கரை வரை வந்து சேரவில்லை. 1960களின் முடிவுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் ஜிலேபி முறையாகவே விடப்பட்டுவிட்டதை, உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1995இல் வெளியிட்ட வி.வி. சுகுணனின் இந்திய நீர்த்தேக்க மீன்வள ஆய்வு பதிவுசெய்கிறது. உடுமலைப்பேட்டை அருகிலுள்ள அமராவதி அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபியாகவே ஆனது.

மீனுக்காகவே தயாரானது போன்ற தண்ணீர்

கள்ளக்குறிச்சியின் கதையும் இதே காலத்தில் தொடங்குகிறது. கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் கோமுகி ஆற்றைக் கச்சிராயபாளையம் அருகே மறித்துக் கட்டிய கோமுகி அணை 1960களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. 1970ஐ ஒட்டி அகரகோட்டாலத்தில் மணிமுக்தா அணை வந்தது. 36 அடி உயரத்தில் 736 மில்லியன் கன அடி பிடிக்கும் அணை அது. இரண்டும் கட்டி முடிக்கப்படும் முன்னரே ஜிலேபி தமிழ்நாட்டில் காலூன்றியிருந்தது.

இவ்விரு அணைகளும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். மதகு திறந்தபின் வாரத்துக்கு வாரம் கரை பின்வாங்கும். கோடையில் குட்டையாகச் சுருங்கும். இப்படிப்பட்ட தேக்கத்தில் எந்த மீன் நிலைக்கும் என்று கேட்டால், ஆற்று மீன்களுக்குச் சாதகமான விடை கிடைக்காது. முட்டையிட ஓட்டத்தை எதிர்த்து ஏறும் மீனுக்கு அணைச்சுவர் குறுக்கே நிற்கிறது. சரளைக்கல் அடித்தளம் தேடும் மீனுக்குக் கிடைப்பது வண்டல்.

மீன்வளத் துறை நீர்த்தேக்கங்களில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் இங்கே தாமாகப் பெருகுவது அரிது. வட இந்தியப் பேராறுகளைச் சேர்ந்த இவை தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதன் பிறகே இவற்றின் குஞ்சுகளைப் பண்ணையில் திரளாக உற்பத்தி செய்ய முடிந்தது. ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். ஆக, கெண்டை வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு வாங்கி விட வேண்டும். ஜிலேபிக்கு ஊசியும் வேண்டாம், பண்ணையும் வேண்டாம், விடுவதற்கு ஆளும் வேண்டாம்.

இலங்கையின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். அங்கும் பழைய பாசனக் குளங்களில் 1950களின் தொடக்கத்தில் இதே மீன் விடப்பட்டது. உள்நாட்டு மீன்பிடியின் அடித்தளமாகவே அது ஆகிவிட்டது. சி.எச். ஃபெர்னாண்டோவும் யூராய் ஹோல்சிக்கும் 1982இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தெற்காசியாவின் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை ஆற்று வாழ்வுக்குப் பழகியவை. அணை கட்டி ஏரியை உண்டாக்கியபோது, கரையோரத்தை அவை பயன்படுத்தினாலும் நடுநீர் ஆளில்லாமல் கிடந்தது. ஏரி வாழ்வுக்குத் தயாரான சிக்லிட் அந்தக் காலியிடத்தை நிரப்பியது என்றார்கள் அவர்கள்.

இந்த விளக்கத்தைக் கொண்டு ஜிலேபியைக் குற்றமற்றது என்று விடுவித்துவிட முடியாது. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் இது புகுந்தபின் கெண்டைகளின் சராசரி எடை குறைந்ததையும் மகசீர் மீன்கள் நெருக்கடிக்கு உள்ளானதையும் சுகுணனின் ஆய்வு சொல்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலிலும் இதன் பெயர் உண்டு. காலியிடம் இருக்கும் தேக்கத்தில் நிரப்பியாகவும், ஏற்கெனவே உயிர்கள் நிறைந்த நீரில் ஆக்கிரமிப்பாளராகவும் ஒரே மீன் நடந்துகொள்கிறது. அதனால் நாம் ஒவ்வொரு நீர்நிலையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆற்றின் மறுமுனையில் ஓர் உறவு

கோமுகியும் மணிமுக்தாவும் ஒன்றாகி, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. அந்த வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஜிலேபியின் தூரத்து உறவு ஒன்று வாழ்கிறது. கேரளம் 2010இல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன்தான் அது. இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட்கள் மூன்று: கரிமீன், அதைவிடச் சிறிய மஞ்சள் நிறப் பள்ளத்தி, கர்நாடக ஆறுகளில் மட்டும் வாழும் கனரா கரிமீன். முதலிரண்டுக்கும் 1790களில் அறிவியல் பெயர் சூட்டியவர் பெர்லின் மருத்துவர் பிளாக்.

இவற்றின் மிக நெருங்கிய சொந்தம் மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோது இம்மீன்களும் பிரிந்தன என்று ஒரு தரப்பு கருதுகிறது. பிரிவு அதற்குப் பின் கடல் கடந்து நடந்தது என்று மரபணுக் கணக்கை வைத்து மறுதரப்பு வாதிடுகிறது. எப்படியானாலும், மனிதனே இல்லாத காலத்தில் இங்கு வந்து சேர்ந்த சிக்லிட் கரிமீன். எழுபது ஆண்டுக்கு முன் நாம் கொண்டுவந்த சிக்லிட் ஜிலேபி.

இரண்டும் பிள்ளை வளர்க்கும் முறையில் வெகுவாக வேறுபடுகின்றன. கரிமீன் ஆணும் பெண்ணும் இணையாக வாழும். நீரில் மூழ்கிய கட்டை, கல் போன்றவற்றைச் சுத்தம் செய்து முட்டைகளை ஒட்டி, இரண்டுமாக மாறி மாறிக் காவல் நிற்கும். பொரிந்த குஞ்சுகளையும் இரண்டும் சேர்ந்தே நடத்திச் செல்லும். இலங்கையில் இவற்றைக் கூர்ந்து கவனித்த ஜாக் வார்டும் ராபர்ட் வைமனும், பள்ளத்தி மீன்கள் கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதை 1970களில் விவரித்தார்கள். அதே பள்ளத்தி சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் தின்றுவிடும். நெடுங்காலமாக ஒரே நீரில் வாழ்ந்து உருவான கொடுக்கல் வாங்கல் இது.

இவ்வளவு நுணுக்கமான வாழ்வுக்குத் தெளிந்த நீரும் நிலையான நீர்மட்டமும் வேண்டும். மேலே அணைகள் நீரைத் தடுத்து, கீழே மணல் அள்ளிக் கழிவு சேரும்போது கரிமீனின் திறந்த முட்டைகள் பாதிக்கப்படும். உப்பையும் கழிவையும் தாங்கும் ஜிலேபியோ அணையிலிருந்து வழிந்து கழிமுகம் வரை போய்ச் சேரும். ஒரே ஆற்றின் தலையில் செய்யும் காரியம் வாலில் வாழும் உயிரைத் தொடுகிறது.

புதிய வரவும் பழைய பாடமும்

இப்போது பண்ணைக்குட்டைகளில் வேறொரு திலாப்பியா பேசப்படுகிறது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து எடுத்த நைல் திலாப்பியாவையும் ஆசியப் பண்ணை ரகங்களையும் கலந்து, 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் உருவான கிஃப்ட் திலாப்பியா அது. வேகமாக வளரும், சதைக்குள் கெண்டைக்கு இருப்பதுபோல் பொடிமுள் கிடையாது. அளவுக்குமீறிப் பெருகாமலிருக்க ஆண் மீன்களை மட்டும் வளர்க்கிறார்கள். அரசும் நிபந்தனைகளுடன் இதன் வளர்ப்பை அனுமதித்திருக்கிறது. ஒரு சிறு விவசாயிக்கு இது நியாயமான வருமானம். அதைக் குறைசொல்ல இடமில்லை.

ஆனால் கனமழையில் குட்டையின் கரை உடைந்தால் மீன் ஓடையில்தான் இருக்கும். நைல் திலாப்பியா மொசாம்பிக் திலாப்பியாவுடன் எளிதில் கலப்பினம் ஆகிவிடும். தென்னாப்பிரிக்க ஆறுகளில் அதுதான் நடந்தது. தப்பிய நைல் திலாப்பியாவுடன் கலந்து கலந்து, தூய மொசாம்பிக் திலாப்பியா தன் தாயகத்திலேயே அருகிவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அது அழிவபாய நிலையில் உள்ள இனம். உலகெங்கும் ஆக்கிரமிப்பாளர் என்று பெயரெடுத்த மீன், வெளியிலிருந்து கொண்டுவந்த இன்னொரு மீனால் சொந்த ஆற்றில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இடம் மாற்றப்பட்ட உயிர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மலைக்கு ஏற்றக் கூடாது

சமவெளி அணைகளிலிருந்து ஜிலேபியை இனி நீக்க முடியாது. நீக்க முயல்வதைவிட நன்றாகப் பிடித்து உண்பதே புத்திசாலித்தனம். அதைப் பிடித்துப் பிழைப்பவர்களுக்கும், குறைந்த விலையில் வாங்கிப் பிள்ளைகளுக்கு மீன் கொடுக்கும் குடும்பங்களுக்கும் அது உண்மையான உணவு.

கல்வராயன் மலையின் நிலை வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதி ஓடைகள் மேகம், பெரியார் அருவிகள் போன்ற செங்குத்தான பாறைகளைத் தாண்டித்தான் கீழே வருகின்றன. அருவி ஏறும் திறன் ஜிலேபிக்குக் கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பாறையை வாயால் பற்றி வாழும் கல்லொட்டி, அயிரை போன்ற சிறு மீன்கள் ஓடும் நீரை நம்பியிருப்பவை. சந்தையில் பெரிய விலை இல்லாததால் அவை கணக்கெடுப்பில் இடம்பெறுவதும் குறைவு. அருவிதான் அவற்றுக்கு அரண். அந்த அரணைக் கடந்து ஜிலேபி மேலே போக ஒரே வழி மனிதன் வாளியில் எடுத்துச் செல்வதுதான். மலையின் குளிர்காலம் அதன் பெருக்கத்தைச் சில மாதம் தணிக்கலாம், தடுத்துவிடாது. மேலே ஒரு தடுப்பணையில் விட்ட மீன் அடுத்த மழையில் ஓடை முழுக்கப் பரவும். அதன் பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

எனவே செய்ய வேண்டியவை மூன்று. மலையிலுள்ள எந்தக் குளத்திலும் தடுப்பணையிலும் எந்தத் திலாப்பியாவையும் விடக் கூடாது என்பதை மீன்வளத் துறையும் வனத் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து விதியாக்க வேண்டும். மலைவாழ் மக்களின் உதவியோடு ஓடை மீன்களை முதலில் கணக்கெடுத்து, பிறகே எந்த மீன் வளர்ப்புத் திட்டத்தையும் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். அடிவாரத்தில் கிஃப்ட் வளர்க்கும் பண்ணைக்குட்டைகளின் கரையும் வடிகால் வலையும் மழைக்கு முன் சரிபார்க்கப்பட வேண்டும்.

1952இல் மண்டபத்தில் இறக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அப்போது விளைவு தெரியாது. இன்று நமக்குத் தெரியும். வெள்ளிமலைக்கு மீன்குஞ்சு கொண்டுபோக நினைப்பவர்கள் தயவுசெய்து அடிவாரத்திலேயே நின்றுவிடுங்கள்.